கற்கண்டாக உதிர்ந்த கார் கண்ணாடி: பின் கதவுக் கண்ணாடியை நானே மாற்றிய கதை

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலை. அபார்ட்மெண்ட் சுற்றுச்சுவர் ஓரமாக ஒருவர் மெஷினை வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவை டான்ஸ் கிளாஸிலிருந்து கூட்டிவந்து காரை நிறுத்தியிருந்தேன். அவள் இறங்கி லிஃப்ட் பக்கம் போய்விட்டாள். நான் டிக்கியிலிருந்து காய்கறிப் பையை எடுக்கிறேன், 'டப்' என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் இடது பின் கதவில் கண்ணாடியே இல்லை. அவள் எப்போதும் உட்காரும் ஸீட் முழுக்க கற்கண்டு மாதிரி துண்டுகள்.

மெஷின் தெறித்துவிட்ட கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். சுண்டைக்காய் அளவுகூட இல்லை. இந்தச் சின்னக் கல் இவ்வளவு பெரிய கண்ணாடியை முழுசாக எப்படி உடைக்கும்? லாரி சக்கரம் தெறித்த இதைவிடப் பெரிய கல் முன் கண்ணாடியில் பட்டு, வெறும் நட்சத்திரக் கீறலோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதே கார், அதே கண்ணாடிதானே? இல்லை. இரண்டும் வேறு வேறு ஜாதிக் கண்ணாடி. அன்றைக்கு ராத்திரி அதைப் படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு. நடுவில் கண்ணாடியையும் நானே மாற்றிவிட்டேன், அந்தக் கதையும் சேர்ந்து வரும்.

கதவுக் கண்ணாடி டஃபன்டு கண்ணாடி. தேவையான வடிவத்தில் வெட்டி, ஓரம் தேய்த்து முடித்த பிறகு, ஏறக்குறைய 620-650 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் வளைத்து, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சி அடித்துச் சட்டென்று குளிர வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாகத்தான் ஆறும், ஆறும்போது சுருங்கப் பார்க்கும். ஏற்கனவே இறுகிப்போன தோல் விடாது. விளைவு, தோல் எப்போதும் அமுக்கத்தில் இருக்கும், உள்பகுதி எப்போதும் இழுவிசையில் இருக்கும். சும்மா நிற்கிற காரின் கண்ணாடிக்குள் நாள் முழுக்க ஒரு கயிறு இழுக்கும் போட்டி நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் விரிசல் பரவ இழுவிசை வேண்டும். தோல் அமுக்கத்தில் இருப்பதால் சின்னக் கீறல்கள் அங்கேயே மூடிக்கொள்ளும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட இது நாலைந்து மடங்கு பலமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தோலின் ஆழம், ஒவ்வொரு பக்கமும் மொத்தத் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்றரை மில்லிமீட்டர் கண்ணாடியில் அது 0.7 மில்லிமீட்டர். கூர்மையான ஒரு முனை அந்த 0.7-ஐத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால் முடிந்தது கதை. உள்ளே தேங்கியிருந்த இழுவிசை அத்தனையும் விரிசலுக்குத் தீனி. விரிசல் விநாடிக்கு சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் கிளை விட்டு ஓடும். என் கதவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக அதற்கு மில்லி விநாடிகூடத் தேவைப்பட்டிருக்காது. ஆக, கண்ணாடியைத் தூளாக்கிய சக்தி கல்லினுடையது இல்லை, தொழிற்சாலையிலேயே கண்ணாடிக்குள் அடைத்து வைத்தது. கல் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இது பழைய வித்தை. உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் போட்டால் தலைப்பிரட்டை மாதிரி ஒரு துளி கிடைக்கும். தலையைச் சுத்தியால் அடித்தாலும் தாங்கும், வாலைக் கிள்ளினால் மொத்தமும் பொடி. 'ரூபர்ட் இளவரசர் துளி' என்று பெயர். 1660-களில் இலண்டன் ராயல் சொசைட்டியில் இதை வைத்து விளையாடியிருக்கிறார்கள், ராபர்ட் ஹூக் 1665-ல் வந்த தன் 'மைக்ரோகிராஃபியா'வில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதைக் காசு பார்க்கிற தொழிலாக்க முயன்றவர் பாரிஸைச் சேர்ந்த டி லா பாஸ்டி. 1874 வாக்கில், சூடான கண்ணாடியை எண்ணெயில் முக்கி இறுக வைத்தார். இளவரசரின் பொம்மை கார் கதவுக்கு வந்து சேர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

முன் கண்ணாடி வேறு ரகம், லாமினேட்டட். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே இருப்பவர் வெளியே தூக்கி எறியப்படுவதையும் ஓரளவு தடுக்கும். பிரெஞ்சுக்காரர் எட்வர்ட் பெனடிக்டஸ் 1903-ல் பரிசோதனைக்கூடத்தில் ஒரு குடுவையைக் கீழே போட்டுவிட்டார், உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் அதைச் சிதறாமல் பிடித்துக்கொண்டது, அங்கிருந்து பிறந்தது இது என்று சொல்வார்கள். 1909-ல் காப்புரிமை வாங்கினார்.

உங்கள் காரில் எது டஃபன்டு என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாயங்கால வெளிச்சத்தில் பாருங்கள். டஃபன்டு கண்ணாடியில் வரிசையாகப் புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். காற்றுக் குழாய்கள் ஊதிய தடம் அது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பார்க்கிங்கில் எல்லார் காரையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாட்ச்மேன் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

சரி, வேலைக்கு வருவோம். எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, பக்கத்துக் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கிவிடலாமா? முடியாது. டஃபன்டு கண்ணாடியை வெட்டவே முடியாது, வெட்டும் கோடு தோலைத் தாண்டினால் அது கற்கண்டாகிவிடும். வெட்டி, துளை போட்டு, வளைத்து முடித்த பிறகுதான் இறுக வைப்பது. அதனால் உங்கள் மாடலுக்கென்று செய்த கண்ணாடிதான் வேண்டும். பேருந்துகளுக்குத் தட்டையாக இருக்கும் லாமினேட்டட் கண்ணாடியை வெட்டிப் போடுவதுண்டு. கார் கதவுக் கண்ணாடி வளைவானது, அது நடக்காது.

இன்ஷூரன்ஸில் போடலாமே என்றார் மாமனார். நியாயமான கேள்வி. நம் ஊர் மோட்டார் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. அதனால் பணம் முழுசாக வரும் என்று நம்பிப் பலர் போய்விடுகிறார்கள். ஆனால் நோ க்ளெய்ம் போனஸ் ஒன்று இருக்கிறதே. க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு அது 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாக ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி. 50-ல் இருப்பவர் மறுபடி 50-க்கு வருவதற்குள் இழப்பது 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். அதாவது போனஸ் கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியத்தில் ஒன்றேகால் மடங்கு. என் பன்னிரண்டு வருஷ ஹேட்ச்பேக்குக்கு அந்தப் பிரீமியம் சுமார் 4,800 ரூபாய், ஆக இழப்பு 6,000. சர்வீஸ் சென்டர் சொன்ன மொத்தத் தொகை 4,100. 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாயை நாமே ஏற்க வேண்டும், கையில் வருவது 3,100. 3,100 வாங்க 6,000 கொடுப்பதா? பிரீமியம் வருஷா வருஷம் மாறும், கணக்கு துல்லியமில்லைதான். ஆனாலும் திசை தெளிவாகவே இருக்கிறது. முன் கண்ணாடி மாதிரி பெரிய தொகை என்றாலோ, போனஸ் பாதுகாக்கும் ஆட்-ஆன் இருந்தாலோ விடை மாறும்.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மழைக்காலம் வேறு. தெரிந்த மெக்கானிக்கைக் கேட்டேன். "அது ஒரு மணி நேர வேலை சார். நீங்க பண்ணா ஒரு நாள் ஆகும்" என்றார். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டினேன்.

புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எந்த சைடு?" காரை எதிரே நின்று பார்த்த ஞாபகத்தில் "ரைட்" என்றேன். எடுத்துவந்து கதவில் வைத்துப் பார்த்தால் வளைவு வெளிப்பக்கம் போகாமல் உள்பக்கம் போகிறது. இடமும் வலமும் ஓட்டுநர் ஸீட்டில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டியது. இருபது வருஷமாக ப்ரோக்ராம் எழுதுகிறவன், எந்த அச்சிலிருந்து அளக்கிறோம் என்று கேட்காமல் விட்டேன். திருப்பிக் கொண்டுபோனபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "லெஃப்ட்டு ரைட்டு சொல்லாதீங்க சார். டிரைவர் சைடா, க்ளீனர் சைடா, அதச் சொல்லுங்க." எவ்வளவு குழப்பமில்லாத முறை! என் காருக்கு க்ளீனர் கிடையாது என்றாலும் இனி நான் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

பழைய கண்ணாடி என்றால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். மூலையில் அச்சிட்ட முத்திரையில் டஃபன்டு அல்லது டெம்பர்டு என்று இருக்க வேண்டும், ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர எண் இருந்தால் நல்லது. ஓரத்தில் சிதைவு இருக்கவே கூடாது, விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன தோல் கதைதான், கண்ணாடி ஓரத்தில்தான் சீக்கிரம் போகும். மூன்றாவது, அடியில் ரெகுலேட்டரில் மாட்டும் இரும்புச் சட்டம் கண்ணாடியோடு வருகிறதா என்று கேளுங்கள். எனக்குச் சட்டத்தோடு 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. கதவு ட்ரிம்முக்குப் பிளாஸ்டிக் கிளிப்கள் ஒரு டஜன் சேர்த்து வாங்கினேன். கழற்றும்போது நாலைந்து உடையும், இது உறுதி.

ஞாயிறு காலை ஆரம்பித்தேன். தடிமனான கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. துண்டுகள் மழுங்கலானவை, பயமில்லை என்று எழுதியிருப்பதை நம்பவேண்டாம். பெரிய வெட்டுக்காயம் ஆகாது என்பதுதான் அதன் அர்த்தம். நகக்கண்ணில் ஒரு சில் ஏறினால் தெரியும்.

என் காரில் முன் கதவுகளுக்குப் பவர் விண்டோ, பின்னால் கையால் சுற்றுவது. சுற்றும் ஹேண்டிலில் ஸ்க்ரூவே கிடையாது, பின்பக்கம் குதிரை லாடம் மாதிரி ஒரு கம்பிக் கிளிப் பிடித்திருக்கும். பழைய துணியை நாடாவாகக் கிழித்து, ஹேண்டிலுக்கும் ட்ரிம்முக்கும் நடுவே செருகி, ஷூ பாலிஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப்பின் முனை துணியில் மாட்டி வெளியே வந்துவிடும். துள்ளிப் பறக்கும், மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள். நான் மறைக்கவில்லை. பாப்பாதான் பக்கத்து காருக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி மூடியிருக்கும்போது ஹேண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று வலது பின் கதவைப் பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வதும் நல்லது.

உள் கைப்பிடி ஸ்க்ரூக்களை எடுத்ததும், ட்ரிம்மைக் கீழ் ஓரத்திலிருந்து நெம்பினால் கிளிப் ஒவ்வொன்றாக விடும். பவர் விண்டோ கார் என்றால் ட்ரிம்மை அப்படியே பிடுங்கிவிடாமல் ஸ்விட்ச் ஒயரின் கனெக்டரைக் கழற்ற வேண்டும். ட்ரிம்முக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய பாலிதீன் ஷீட் இருக்கும். அதைக் கிழிக்காமல், பசை நூல் இழுக்க மெதுவாகப் பிரியுங்கள். ஷீட்டைப் பற்றி கடைசியில் சொல்கிறேன்.

கதவின் வயிற்றில் முக்கால் கிலோவாவது துண்டு இருந்திருக்கும். வேக்யூம் க்ளீனரில் எடுத்த பிறகும் தட்டினால் சலங்கை மாதிரி சத்தம். கதவின் அடி ஓரத்தில் மழைத்தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவற்றில் துண்டு சிக்கினால் தண்ணீர் தேங்கிக் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தேன். மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது.

பின் கதவில் கண்ணாடிக்குப் பின்னால் முக்கோணமாக இன்னொரு சின்னக் கண்ணாடி அசையாமல் நிற்கிறதே, அது ஏன் என்று யோசித்ததுண்டா? எனக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் விடை தெரிந்தது. பின் சக்கர வளைவு கதவின் கீழ்ப் பகுதியை வெட்டிக்கொண்டு வருகிறது. முழு அகலக் கண்ணாடி கீழே இறங்க அங்கே இடமில்லை. அதனால் ஒரு கம்பத்தை நிறுத்தி, இறங்கக்கூடிய அளவுக்கு ஒரு கண்ணாடி, மிச்சத்துக்கு அசையாத முக்கோணம். நிறைய கார்களில் பின் ஜன்னல் முழுசாக இறங்காததற்கும் இதே சக்கரம்தான் காரணம். புதுக் கண்ணாடியை உள்ளே இறக்க அந்தக் கம்பத்தின் மேல் ஸ்க்ரூவையும் கீழ் போல்ட்டையும் எடுத்துச் சாய்க்க வேண்டும். மேல் ஸ்க்ரூ ரப்பர் சேனலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதைத் தேடி முக்கால் மணி நேரம் போனது.

அதற்கப்புறம் சுலபம். வெளி பீடிங்கை எடுத்துவிட்டு, கண்ணாடியைச் சாய்த்து உள்ளே விட்டு, ரெகுலேட்டரைப் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்தால் போல்ட் போடும் இடம் கதவின் ஓட்டைக்கு நேரே வரும். மனைவி மேலே கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, நான் போல்ட்டை லேசாகப் போட்டேன். ஏற்றி இறக்கி, கண்ணாடி சேனலில் நேராக உட்கார்ந்த பிறகுதான் முழுசாக முறுக்க வேண்டும். முதலிலேயே முறுக்கினால் கோணலாக ஏறும், திக்கும்.

கண்ணாடி மாட்டிய பிறகு வீட்டில் ஒரு வாக்குவாதம். ஃபிலிம் ஒட்டிவிடலாமே, அடுத்த முறை உடைந்தாலும் துண்டு பாப்பா மேல் கொட்டாதே என்றாள் மனைவி. உண்மைதான், ஃபிலிம் துண்டுகளைப் பிடித்து வைக்கும். ஆனால் சட்டம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி முன் பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத வெளிச்சமும் ஊடுருவ வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சதவீதம் எதுவானாலும் கண்ணாடி மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. பிறகு விதியைத் திருத்தியிருக்கிறார்கள், வாதம் இன்னும் ஓயவில்லை.

என்னைத் தடுத்தது சட்டத்தைவிட வேறொன்று. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் போட்ட கணக்கு இது. ஒரு மீட்டர் அகலக் கதவு, வெளியே தண்ணீர் கதவின் அடியிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம், உள்ளே இன்னும் தண்ணீர் இல்லை. கதவின் மேல் விழும் அழுத்தம் ஏறக்குறைய 180 கிலோ எடை. கீல் ஒரு பக்கம் தாங்குவதால் கைப்பிடி ஓரத்தில் தள்ளுபவருக்கு அது 90 கிலோ. உட்கார்ந்தபடி யாரால் தள்ள முடியும்? அப்போது வழி ஜன்னல்தான். மின்சாரம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும், முடியாவிட்டால் உடைக்க வேண்டும். உடைவதும் பக்கக் கண்ணாடிதான், முன் கண்ணாடி படலத்தோடு தொங்கிக்கொண்டிருக்கும். ஹெட்ரெஸ்ட் கம்பியை இதற்காகவே கூராக வைத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவது கதை. ஹெட்ரெஸ்ட் உயரம் மாற்றத்தான் கழற்றும்படி இருக்கிறது. கண்ணாடி உடைக்கும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019-ல் ஆறு கருவிகளைச் சோதித்ததில் நான்கு டஃபன்டு கண்ணாடியை உடைத்தன, லாமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. விபத்தில் ஆள் வெளியே வீசப்படாமல் இருக்கவும், வெளிச்சத்தம் குறையவும் இப்போது சில புதுக் கார்களில் பக்கத்துக்கும் லாமினேட்டட் வருகிறது. நல்லதுதான், ஆனால் கார் வாங்கியவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மூலை முத்திரையைப் படித்தால் போதும்.

ஃபிலிம் ஒட்டினால் நான் கையிலிருக்கும் டஃபன்டு கண்ணாடியைப் பாதி லாமினேட்டட் ஆக்குகிறேன் என்றுதான் பட்டது. சுரங்கப்பாதைக்கு ஒரு நியாயம், புல் வெட்டும் மெஷினுக்கு ஒரு நியாயம். கடைசியில் ஒட்டவில்லை. வாங்கிய சுத்தியலை டிக்கியில் போடாமல் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டினோம். பின் ஜன்னல் கையால் சுற்றுவது என்று இத்தனை நாள் குறைப்பட்டுக்கொண்ட மனைவி, மின்சாரம் போனாலும் அது இறங்கும் என்றதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். குழந்தை லாக் போட்டிருந்தாலும் ஜன்னல் இறங்கும் என்பதால் பாப்பாவுக்கு அந்த ஹேண்டிலை முழுசாகச் சுற்றிப் பழக்கியிருக்கிறோம். சக்கரம் புண்ணியத்தில் அது முக்கால்தான் இறங்குகிறது. அவள் அதில் புகுந்து வெளியே வந்தும் காட்டிவிட்டாள், பார்க்கிங்கில், அவள் பாட்டி திட்டத் திட்ட.

அந்தப் பாலிதீன் ஷீட் விஷயம். அது தூசிக்காக என்று நினைத்து ஏனோதானோ என்று ஒட்டினேன். அடுத்த வாரம் மழை. காலையில் பின் மேட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். கண்ணாடியை ஒட்டி வழியும் மழைநீர் கதவுக்குள் இறங்குவது சகஜம், அதற்குத்தான் அடியில் ஓட்டைகள். உள்பக்கம் வராமல் அதைத் தடுத்து ஓட்டைக்கு அனுப்புவது அந்த ஷீட். கீழ் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குப் பசை விட்டிருந்தது. ட்ரிம்மை மறுபடி கழற்றி, பியூட்டைல் டேப் வாங்கி முழுச் சுற்றும் ஒட்டி, ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றிப் பார்த்தேன். மேட் நனையவில்லை. இந்த முறை கிளிப் இரண்டுதான் உடைந்தது.